வீட்டுக்கும் இங்கிலீஷ் வகுப்புக்கும் நடுவில் ஒரு துபாஷி

புதுச்சேரிக்காரர்களுக்குத் துபாஷி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாஷை தெரிந்தவர். பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று, அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் கொண்டு சேர்த்தவர். துய்ப்ளே காலத்தில் அந்த வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துபாஷி தர்மத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை. பேரத்தில் அவருக்கும் பங்கு உண்டு. எதை அழுத்திச் சொல்வது, எதை மெல்ல விழுங்கிவிடுவது என்பது அவர் கையில் இருந்தது. இருவருக்கும் வேறு வழி இல்லாததால் இருவரும் அவரை நம்பினார்கள்.

அந்த உத்தியோகம் கம்பெனியோடு போய்விட்டது என்று நினைக்கிறோம். என் தலைமுறையில் உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன துபாஷி இருந்தான். இங்கிலீஷ் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்குச் சொன்னவன் அவன்தான். வீட்டில் என்ன நிலைமை என்பதை வாத்தியாரிடம் சொன்னவனும் அவன்தான். அவனுடைய மதிப்பெண்ணைப் பற்றிய சேதியை அவனே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் ஒத்துக்கொள்வோமா?

எங்கள் ஊரில் இது எப்படி வந்தது, அதைச் சிலர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இதைப் பார்த்தவர்கள் வர வர குறைந்துகொண்டு வருகிறோம்.

தெருவுக்குக் கேட்ட பாடம்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாடம் தெருவுக்கே கேட்டது. பிள்ளைகள் கூட்டமாகக் கத்திச் சொல்வார்கள். எண்சுவடியும் ஆத்திசூடியும் அடுத்த வீட்டு அடுப்படி வரைக்கும் போகும். எழுத்துத் தெரியாத தாய்கூட தன் பிள்ளையின் குரல் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்வாள். வாத்தியாருக்கு நெல்லும் எண்ணெயும் வீடுகளிலிருந்து போயின. நவராத்திரியில் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோலாட்டத்தோடு வீடு வீடாக வருவார். அப்போது பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அந்தப் பள்ளியில் அடி அதிகம், எல்லாச் சாதிக்கும் இடமும் இல்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் இடம் கிடைத்த வீட்டுக்கும் பாடத்துக்கும் நடுவில் துபாஷி தேவைப்படவில்லை.

பிரெஞ்சு சர்க்கார் பள்ளிக்கூடம் வேறு மாதிரி. அதற்குச் சுவர் இருந்தது, மணி இருந்தது, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு சின்ன நோட்டும் இருந்தது. அதைக் கர்னே என்போம். மதிப்பெண், ஆசிரியர் குறிப்பு, கீழே தகப்பனார் கையெழுத்துக்கு ஒரு கோடு. பிரான்சில் இலவசக் கட்டாயக் கல்விக்குச் சட்டம் கொண்டுவந்த ழூல் ஃபெர்ரி, 1883 நவம்பரில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஒழுக்கப் பாடம் நடத்தும்போது, இந்த வகுப்பில் ஒரு தகப்பன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் நான் சொல்வதற்கு மனமார மறுப்புச் சொல்வானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நல்ல யோசனை. ஆனால் அந்தத் தகப்பனுக்கு வகுப்பில் பேசுவது புரியும் என்று ஃபெர்ரி வைத்துக்கொண்டார். பாகூரிலிருந்தோ நெட்டப்பாக்கத்திலிருந்தோ வந்த ஒரு தகப்பன் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் மறுப்பும் சொல்லியிருக்க முடியாது, ஆமோதித்திருக்கவும் முடியாது.

இருந்தாலும் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஒரு தெருவுக்கு ஒரு பென்ஷன் சொல்தாவாவது இருப்பார். சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர் இருப்பார். கர்னேயை எடுத்துக்கொண்டு போனால் வெற்றிலைக்குச் செலவு வைத்தாவது படித்துச் சொல்லிவிடுவார்.

ஒரே வீட்டில் இரண்டு அட்டை

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் கொடுத்து 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 1963 ஜூலை 1 முதல் யூனியன் பிரதேசம் ஆனோம். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் வீடுகளுக்குள் நடந்தது அவ்வளவாக எழுதப்படவில்லை.

ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், விரும்பினவர்கள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவுதான் முடிவு. பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்வியும் அதே திண்ணையில், அதே வாரங்களில் பேசப்பட்டது. பிரெஞ்சு வகுப்பில் போட்டால் பிரவே, அதற்கு மேல் பக்கலோரெயா, முடிந்தால் கப்பல். இங்கிலீஷ் வகுப்பில் போட்டால் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் டைப்ரைட்டிங், இங்கேயே சர்க்கார் உத்தியோகம். 1965இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் கொடுத்தது, மாஹேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் கொடுத்தது, இங்கிலீஷும் தொடரலாம் என்றது. அலுவலகங்களில் தொடர்ந்தது இங்கிலீஷ்தான்.

பல குடும்பங்கள் கஷ்டப்பட்டு ஒரு சமாதானத்துக்கு வந்தன: ஒரு பிள்ளை அங்கே, ஒரு பிள்ளை இங்கே. எங்கள் வீட்டிலும் அதுதான். நான் பிரெஞ்சு வகுப்பு. என் தம்பி இங்கிலீஷ் வகுப்பு. மாதக் கடைசியில் அப்பாவின் மேசைமேல் இரண்டு அட்டைகள் வந்து விழும்.

அந்த இரண்டு அட்டையும் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. பிரெஞ்சு வகுப்புகளின் எண் இறங்கிக்கொண்டே போகும். பதினொரு வயதில் சிசியேம், அதாவது ஆறாவது. பிறகு ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. அந்த மூன்றாவது முடிவில்தான் பிரவே. மதராஸ் முறையில் பாரங்கள் ஏறிக்கொண்டே போகும். அதே பதினொரு வயதில் முதல் பாரம், ஆறாவது பாரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ஆகவே அண்ணன் மேலே போகப் போக எண் குறைந்தது, தம்பிக்கு ஏறியது. மதிப்பெண்ணும் அப்படியே. எங்களுக்கு எல்லாம் இருபதுக்கு. பத்து வாங்கினால் தேறினோம். பன்னிரண்டு என்றால் பரவாயில்லை, பதினான்கு என்றால் நன்று, பதினாறு என்றால் வீட்டில் பாயசம். தம்பிக்கு நூற்றுக்கு. முப்பத்தைந்து வாங்கினால் தேறினான்.

ஒருமுறை தம்பியின் அட்டையில் இங்கிலீஷுக்கு நேரே 38 என்று இருந்தது. "எத்தனைக்குடா?" என்றார் அப்பா. "அம்பதுக்குப்பா" என்றான். அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். துபாஷி தன் தரகை எடுத்துக்கொண்டான்.

புரிந்த மாதிரி இருந்த சொற்கள்

அப்பா படிக்காதவர் இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் மராமத்து இலாகாவில் எழுத்தர். பிரெஞ்சில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவார். இங்கிலீஷுக்கும் அதே எழுத்துகள்தான். பாதிச் சொற்கள் உறவுக்காரச் சொற்கள். சிக்னேச்சர் என்பது சிஞத்யூர். ஆப்சென்ட் என்பது அப்சான். ஆகையால் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார், ஏறக்குறைய புரிந்துகொண்டும் விடுவார். அந்த ஏறக்குறையதான் ஆபத்து.

ஓர் அட்டையில் கம்போசிஷனில் மந்தம் என்று வாத்தியார் எழுதியிருந்தார். கட்டுரை எழுத வரவில்லை என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் கொம்பொசிசியோன் என்றால் பருவப் பரீட்சை. பையன் பரீட்சை என்றாலே பயந்துவிடுகிறான் என்று அப்பா எடுத்துக்கொண்டார். தைரியம் வர மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள். கட்டுரை எழுதப் பழக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு முறை, பெற்றோர் கூட்டத்துக்கு அட்டென்ட் பண்ணும்படி ஒரு சீட்டு வந்தது. அத்தாந்த்ர் என்றால் பிரெஞ்சில் காத்திருப்பது. அடுத்த தகவல் வரும்வரை பெற்றோர் காத்திருக்கவும் என்று அப்பா புரிந்துகொண்டு ஒழுங்காகக் காத்திருந்தார். தம்பி அதைத் திருத்தவில்லை. கூட்டம் நடந்து முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அக்கறை இல்லாத குடும்பம் என்று அந்தப் பள்ளியில் யாராவது குறித்து வைத்திருக்கலாம். அக்கறை அளவுக்கு மேலேயே இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி இல்லை.

படித்த வீட்டின் கதை இது. இரண்டு பாஷையும் எழுதத் தெரியாத வீடுகள் எத்தனையோ. அங்கே அட்டை தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடமோ, ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடமோ, டியூஷன் சாரிடமோ போகும். அதுவும் போகாவிட்டால் கைநாட்டு விழுந்து மறுநாள் பள்ளிக்கே திரும்பும்.

ஆனால் அம்மாக்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். "வாய் விட்டுப் படி" என்பார்கள். அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள், பிள்ளை விளக்கடியில் இருக்கும். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாத என் அம்மா, தம்பி படிப்பதைக் கேட்டுக்கொண்டே, "அந்த எடத்துல முழுங்கின பாரு, திரும்பப் படி" என்பார். முழுங்கின இடம் அவனுக்குத் தெரியாத இடமாகத்தான் இருக்கும். திண்ணைப் பள்ளி காலத்துக் காது அது. அப்பாவின் பிரெஞ்சைவிட அந்தக் காது தம்பிக்கு அதிகம் உதவியது என்பது என் அபிப்பிராயம். துபாஷியால் ஏமாற்ற முடியாதது அது ஒன்றுதான்.

பெஞ்சு கேட்டார்கள், சுவர் கேட்டார்கள்

நாங்கள் பின்பற்றிய பாடத்திட்டமும் பரீட்சையும் மதராஸ் ராஜ்யத்தினுடையவை. அங்கே பள்ளியையும் ஊரையும் சேர்த்துவைக்க அந்தக் காலத்தில் பெரிய முயற்சி நடந்தது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊரார் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, நிலம், கட்டடம் என்று கொடுத்தார்கள். மதிய உணவுக்கு அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அடுத்து 1960களில் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் பரவின. இவற்றால் படித்து மேலே வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

அதே சமயத்தில் இங்கிலீஷ் கற்பிக்கும் முறையும் மாறியது. இலக்கணச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட்டு, வாக்கிய அமைப்புகளை வாயால் பழக்க வேண்டும் என்றார்கள். கட்டம் போட்ட அட்டவணையில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். இதற்காக மதராஸில் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். முதலில் சிலர் பழகி, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்து, உருட்டிவிட்ட பனிப்பந்து மாதிரி பெருக வேண்டும் என்று ஏற்பாடு. பனியே பார்க்காத ஊரில் அந்தப் பெயர்.

இரண்டும் நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஒன்றோடொன்று சந்திக்கவில்லை. ஊரிடம் கேட்டது பொருளும் பணமும். வகுப்பில் மாறியது பாடம். பாடத்தில் வீட்டுக்கு என்ன பங்கு என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. கல்வித் துறையில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில் பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் என் மேசைக்கு வரும். சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, ஆண்டு விழா, சந்தா பாக்கி. எல்லாம் தேவையானவை. ஒரு பாடத்தைப் பற்றிப் பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டதாகக் குறிப்பில் பார்த்த நினைவு இல்லை. கூட்ட அழைப்பே இங்கிலீஷில் சைக்ளோஸ்டைல் செய்து போன ஆண்டுகள் உண்டு.

அடித்துத் திருத்திய ஒரு மனு

எழுபதுகளின் நடுவில் என் பிரிவுக்கு உதவித்தொகை மனுக்கள் வரும். வழக்கமாக மனு எழுதுபவர்கள் எழுதியவை. எல்லாம் ஒரே அச்சு. ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லா விதவைக்கும் ஒரே கண்ணீரை எழுதிக் கொடுப்பார்கள். வில்லியனூர் பக்கத்து ஓர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவை மட்டும் வேறு மாதிரி இருந்தன. கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, பள்ளிப் பிள்ளையின் கையெழுத்து. இங்கிலீஷ் எளிமையாக இருக்கும். ஆனால் விஷயம் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். கீழே தாயாரோ தகப்பனாரோ வைத்த கைநாட்டு.

அதில் ஒரு மனு நன்றாக நினைவிருக்கிறது. கணவர் இறந்துவிட்டார், நிலம் ஏதும் இல்லை என்று ஒரு வரி. நிலம் ஏதும் இல்லை என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே சின்ன எழுத்தில், முப்பது குழி இருக்கிறது, போக்கியத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அடித்த இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கைநாட்டு. அலுவலகத்தில் எங்களுக்கு அடித்தல் திருத்தல் என்றாலே சந்தேகம். இந்தத் திருத்தமோ மனுதாரருக்குப் பாதகமான திருத்தம். நிலம் இருக்கிறது என்று தானாக முன்வந்து சொன்ன மனுவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து அந்தப் பள்ளியின் இங்கிலீஷ் ஆசிரியர் வேறு வேலையாக வந்தார். கேட்டேன். அவர் சொன்னது இது.

எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் தாளில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு. உல்லாசப் பயணத்துக்குப் பணம் அனுப்பும்படி தகப்பனாருக்கு எழுது என்பார்கள். அவருடைய பிள்ளைகளின் தகப்பனார்கள் அதே வீட்டில் இருந்தார்கள், உல்லாசப் பயணமும் கிடையாது. அதனால் அவர் வேறு விதமாகக் கேட்டார்: உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது எழுத வேண்டியிருக்கிறதா? போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள். மணியார்டர் வரவில்லை என்று தபாலாபீசுக்கு, தெருவிளக்கு எரியவில்லை என்று கொம்யூன் பஞ்சாயத்துக்கு, உதவித்தொகைக்கு எங்களுக்கு. பெற்றோர் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளை அதை அப்படியே எழுதி வர வேண்டும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து இங்கிலீஷில் ஆக்குவார்கள். பிறகு அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வரியையும் முதலில் இங்கிலீஷில் உரக்கப் படித்து, பிறகு தமிழில் சொல்ல வேண்டும். பெற்றோர் சரி என்றால்தான் கைநாட்டு.

"தமிழ்லயே மனு கொடுக்கலாமே சார், சட்டம் இருக்கே" என்றேன்.

"கொடுக்கலாம் சார். இங்கிலீஷ்ல போனாதான் நகரும்னு ஜனங்க நெனைக்கிறாங்க. அது பொய்யின்னு நீங்கதான் காட்டணும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண், மனுவில் நிலம் இல்லை என்று போட்டால்தான் பணம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டாளாம். இரவில் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அம்மா நிறுத்தினாராம். "ஏண்டி, நெலம் இல்லன்னா எழுதின? உங்கப்பா வாங்கின நெலத்த நீ எழுத்துல இல்லாம ஆக்கிடுவியா? போக்கியத்துல இருக்குன்னு எழுது" என்றாராம். மறுநாள் பெண் வகுப்பில் எழுந்து, போக்கியத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாள். அடமானம், போக்கியம், குத்தகை, ஒவ்வொன்றுக்கும் என்ன சொல் என்பது அன்றைக்கு முழுப் பாடமாக ஓடியது. அந்த ஒரு பீரியடில் எல்லாப் பிள்ளைக்கும் சொல்ல ஏதோ இருந்தது என்றார் ஆசிரியர். எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்று எங்கேயாவது அடகில் இருந்தது.

மனுவின் கதையையும் முடித்துவிடுகிறேன். நிலம் என்ற சொல் வந்ததால் ஃபைல் வருவாய்த் துறையின் சரிபார்ப்புக்குப் போனது. மூன்று மாதம் தாமதம். போக்கியம் உண்மை என்று அறிக்கை வந்தது. தொகை அனுமதி ஆனது. பொய் எழுதியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும். யாராவது மொட்டைக் கடிதம் போட்டிருந்தால் அடியோடு நின்றும் போயிருக்கும்.

அந்த ஆசிரியர் செய்ததை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். துபாஷியை அவர் ஒழிக்கவில்லை. ஒழிக்கவும் முடியாது, இரண்டு பாஷை தெரிந்தது அந்த வீட்டில் பிள்ளைக்கு மட்டும்தான். ஆனால் துபாஷி திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தார். பாஷை தெரியாத தாய்க்கு விஷயம் தெரியும். விஷயம் தெரிந்தவருக்கு அதைச் சரிபார்க்கும் உரிமை கொடுத்தார். அதனால் இங்கிலீஷ் வகுப்பில் அந்த அம்மாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, வரிக்குள்ளேயே.

அந்த முறை பரவவில்லை. சுற்றறிக்கையாக வரவில்லை, பனிப்பந்தாக உருளவில்லை. ஆசிரியர் மாற்றலாகிப் போனார். நீல மை மனுக்களும் நின்றன.

இப்போது

1978இல் பதினோரு வருட எஸ்.எஸ்.எல்.சி. போய், பத்தும் இரண்டும் வந்தது. எண்பதுகளில் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் மீடியம் நர்சரிகள் வந்தன. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு வைக்கச் சொன்னது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் இதைவிட நல்ல விதி கிடையாது. 2023-24 முதல் எங்கள் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. கனமான இங்கிலீஷ் புத்தகங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. அட்டைக்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுவில் சேதி வருகிறது. சேதியும் இங்கிலீஷில்தான் வருகிறது. கட்டைவிரல் குறியைப் பெற்றோர் தட்டிவிடுகிறார்கள். கைநாட்டு திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

இதை வாசிக்கும் என் வயதுக்காரர்களில் பலர் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். எனக்கு அந்த இங்கிலீஷ் வராது என்று ஒதுங்கிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். வர வேண்டியதில்லை. மாலையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாடத்தை வாய் விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முழுங்கின இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கதை ஒட்டவில்லை என்றால், ஒட்டவில்லையே என்று கேளுங்கள். பிள்ளைக்கு முதலில் எரிச்சல் வரும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் உங்களில் உண்டு. பிள்ளைகளிடம் வீட்டு விஷயத்தைக் கேட்டு எழுதிவரச் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். பழைய கர்னே, ரேங்க் கார்டு யாரிடமாவது பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தம்பியின் அந்த 38 போட்ட அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து அதில் மிக அழகாக விழுந்திருக்கிறது.